ஆர்விட் லாம்பிக்கு எந்த ஊசி?

ஆம்புலன்ஸ் ரேடியோவில் டெல்பர்ட்டின் குரல் வந்தபோது நான் நின்றபடியே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, மணி ஒன்றரை. வெளியே ஏரிக்காற்றோடு பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக, நான் நர்ஸாக இருக்கும் அவசரப் பிரிவுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

"மார்லிஸ், கேக்குதா? லூத்தரன் சர்ச்சுலேருந்து வர்றோம். ஆர்விட் லாம்பி. மனுஷன் வெறி பிடிச்ச மாதிரி ஆடுறாரு. நாலு பேரு அமுக்கிப் பிடிச்சிருக்கோம், நாலு பத்தலை!"

"சர்ச்சா? இன்னிக்கு அவர் பொண்ணுக்குல்ல கல்யாணம்?"

"அதேதான். மூணு மணிக்குக் கல்யாணம். பூச்சாடியெல்லாம் தூக்கி எறிஞ்சாச்சு, பாதிரியாரை வாசல் வரைக்கும் இழுத்துட்டுப் போயாச்சு. கதவைத் திறந்து வை, ஆறு நிமிஷத்துல அங்க இருப்போம்!"

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. ரேடியோ தொடர்பு அறுந்தது. நான் கையிலிருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் கிவி பே என்ற சின்ன ஊரில் ஆர்விட் லாம்பியைத் தெரியாதவர் கிடையாது. இருபத்தேழு வருடமாகச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். ஆறடி மூன்றங்குலம். விடிவதற்குள் என் வீட்டு வாசல் வழியாக அவர் வண்டி உறுமிக்கொண்டு போனால்தான் நான் வேலைக்கே வர முடியும். குடிப்பார். வண்டியில் ஏறும் முன் ஒரு துளி தொடமாட்டார், இறங்கிய பிறகு தூங்கும்வரை நிறுத்தமாட்டார். மனைவி ஒன்பது வருடத்துக்கு முன் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனவள் திரும்பவில்லை. மகள் கைசாவை அவர்தான் வளர்த்தார். "குடிச்சிட்டு வந்தீங்கன்னா என் கையைப் பிடிச்சு பலிபீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போக வேணாம், நான் தனியாவே நடந்துக்கறேன்" என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தது ஊர் முழுக்கத் தெரியும். மளிகைக் கடை வரிசையில் நின்றபோது என் காதுக்கே இரண்டு தடவை வந்தது.

அதனால் டாக்டர் நதீன் ஓஷே "என்ன வருது?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

"ஆர்விட் லாம்பி. பொண்ணு கல்யாணத்தன்னிக்கே மூக்குமுட்டக் குடிச்சிட்டு ரகளை."

"பாவிமனுஷன்! இன்னிக்காவது சும்மா இருந்திருக்கலாம்ல?" நதீன் கையுறையை மாட்டினாள். ஐம்பது வயது, குள்ளமான உருவம். உயரமான கட்டில் என்றால் முக்காலி போட்டு ஏறி நின்றுதான் வேலை செய்வாள். ஆனால் அவள் பேச்சும் கையும் ஒரே வேகம். பதினோரு வருடம் அவளோடு வேலை செய்திருக்கிறேன். அவள் சொல்வதற்குள் மருந்தை எடுத்துவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

கதவு திறந்தது. பனியும் ஆட்களும் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன.

சாம்பல் நிறக் கோட்டு சூட்டு, மார்பில் கசங்கிய வெள்ளைப் பூ, ஒரு காலில் மட்டும் ஷூ. ஸ்ட்ரெச்சர் வார்களில் இரண்டு அறுந்து தொங்கின. டெல்பர்ட் அவர் மார்பின் மேல் ஏறக்குறையப் படுத்தே இருந்தான்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!" ஆர்விட் கத்தினார். தொண்டை கிழிந்த குரல். "ஏரி ஐஸ் வெடிக்குது! கேக்கலையா உங்களுக்கு? கரைக்கு ஓடுங்கடா!"

மூன்றாவது வார் அறுந்தது. எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை, தரையில் நின்றார். காவலாளி வெண்டல் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். ஆர்விட் உதறிய உதறலில் முழங்கை வெண்டலின் மூக்கில் விழுந்தது. வெண்டல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

ஆர்விட் தரையையே பார்த்தார். எங்கள் தரை சதுரச் சதுரக் கல் பதித்தது. அந்தக் கற்களுக்கு நடுவே ஓடும் கோடுகளை அவர் கண் பின்தொடர்ந்து வந்து என் காலடியில் நின்றது.

"மார்லிஸ்!" அவர் முகம் வெளிறியது. "விரிசல் மேலயே நிக்கிறியே! பிள்ளைங்க இருக்கு உனக்கு!"

நான் விலகுவதற்குள் இரண்டே எட்டில் வந்து என் இடுப்பைச் சுற்றித் தூக்கிவிட்டார். என் கால் தரையில் இல்லை. நான் எழுபது கிலோ. ஒரு கைப்பையைத் தூக்குவதுபோல் தூக்கியிருந்தார்.

"ஹலோபெரிடால்! பத்து!" நதீன் கத்தினாள். "தொடையில, பேன்ட்டுக்கு மேலயே குத்தறேன்! மார்லிஸ், அசையாத!"

அசைய வழியில்லை. என் முகம் அவர் முகத்துக்கு அரை சாண் தூரத்தில் இருந்தது. அவர் மூச்சு என் மூக்கில் நேராக அடித்தது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசனை இல்லை.

குடித்தவர்களை இருபத்திரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். காப்பி இருந்தது, புதினா மிட்டாய் இருந்தது. சாராயம் துளிக்கூட இல்லை. அவர் உடம்பு கொதித்தது. வியர்வை கோட்டைத் தாண்டி என் சட்டையை நனைத்தது. என்னைப் பிடித்திருந்த கை, அவ்வளவு பலமான கை, எழுதும்போது நடுங்குகிற கிழவரின் கைபோல விடாமல் நடுங்கியது. அவர் நெஞ்சு என் விலாவில் தடதடவென்று மோதியது. எண்ணிப் பார்க்க முடியாத வேகம்.

"நதீன், நிறுத்து!" நான் அந்தரத்திலிருந்தே கத்தினேன். "இவர் குடிக்கல!"

"என்னது?"

"வாய்ல வாசனையே இல்லைங்கறேன்! உடம்பு நெருப்பா கொதிக்குது, கை நடுங்குது. குடியை நிறுத்தியிருக்கார், நதீன்! நிறுத்தினதால வந்த பித்து இது!"

நதீன் கையில் ஊசி பாதி உயரத்தில் நின்றது.

அவள் ஏன் நின்றாள் என்பதைச் சொல்ல வேண்டும். வெறி பிடித்து ஆடுகிறவரை அடக்க எங்களிடம் இரண்டு வகை ஊசி உண்டு. ஒன்று அவள் கையிலிருந்த ஹலோபெரிடால். இன்னொன்று, மிடாசோலம், டயாசெபாம், லோராசெபாம் என்று பல பெயரில் வரும் ஒரு குடும்பம். பென்சோ என்று சுருக்கிச் சொல்வோம். போதையில் மிதக்கிறவருக்குப் பென்சோவையும் ஏற்றினால் இரண்டும் கைகோர்த்துக்கொண்டு மூச்சையே நிறுத்திவிடும். அதனால்தான் அவள் ஹலோபெரிடாலை எடுத்தாள். ஆனால் வருடக்கணக்காகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் மூளை கொந்தளித்து இப்படி ஆனால், அவரைக் காப்பாற்றுவதே பென்சோதான். அங்கே போய் ஹலோபெரிடாலை மட்டும் போட்டால் வலிப்பு வரலாம், ஏற்கெனவே ஓடி ஓடிக் களைத்த இதயம் தாளம் தப்பலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று இருபது நிமிடத்தில் தெரியும். ஆனால் அந்த மனிதரிடம் இருபது நொடிகூட யாரும் ரத்தம் எடுக்க முடியாது.

"நிச்சயமா சொல்றியா?"

"என் மூக்கு மேல சத்தியம்!"

"உன் மூக்கை நம்பி ஒருத்தர் மூச்சை நிறுத்தினேன்னா என்னை யாரு காப்பாத்தறது?"

அப்படிச் சொல்லிக்கொண்டே நதீன் ஊசியைத் தட்டில் போட்டாள், காலால் முக்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அதன் மேல் ஏறினாள். ஆர்விட்டின் டையைப் பிடித்து இழுத்து, அவர் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். ஒரு டாக்டர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. சுவரோரம் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வெண்டல்கூட வாயைப் பிளந்தான்.

"நீயும் விரிசல் மேலதான் நிக்கிற, குட்டி!" என்றார் ஆர்விட் அவளிடம், மிகுந்த கவலையோடு. இன்னொரு கையை அவளைப் பிடிக்க நீட்டினார்.

நதீன் கீழே குதித்தாள். "புதினா. காப்பி. வேற ஒண்ணுமில்ல. டெல்பர்ட், உன் பையில மிடாசோலம் இருக்கா?"

"இருக்கு."

"பத்து. தொடையில. இப்பவே."

ஆனால் டெல்பர்ட் ஊசியோடு நெருங்கினால் ஆர்விட் பின்வாங்குகிறார். என்னையும் தூக்கிக்கொண்டு. பின்னால் கண்ணாடிக் கதவு. அதில் மோதினால் இரண்டு பேரும் சிதறிவிடுவோம். எனக்கு அந்த நொடியில் ஒன்றுதான் தோன்றியது.

"ஆர்விட்! கரை அந்தப் பக்கம் இல்ல!" என்றேன். "இந்தா பாருங்க, இந்தப் பக்கம். அந்த ரூமுக்குள்ள. அந்தக் கட்டில் தெரியுதுல்ல, அதுதான் கரை."

அவர் ஒன்றாம் அறையைப் பார்த்தார். கண் சுருங்கியது.

"கெட்டியான தரையா?"

"கெட்டி. பாறை. என்னை அங்க கொண்டுபோய் விடுங்க."

"பிடிச்சுக்கோ. கையை விட்டுடாத."

கோடுகளைத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு கல்லின் நடுவிலும் காலை வைத்து அவர் நடந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் காலுறை. பதினைந்து அடிதான். என் வாழ்க்கையிலேயே நீளமான பதினைந்து அடி. கட்டிலருகே வந்து, என்னை ஏதோ கண்ணாடிச் சாமானைப் போல மெத்தையில் உட்கார வைத்தார். "இங்கயே இரு. நான் போய் மத்தவங்களைக் கூட்டிட்டு வர்றேன்" என்று திரும்பியபோது டெல்பர்ட் அவர் தொடையில் ஊசியை இறக்கிவிட்டான்.

ஆர்விட் கர்ஜித்தார். அங்கிருந்த எல்லோரும் ஒன்றாக மேலே விழுந்தோம். கட்டில் ஓலமிட்டது.

தொடையில் போட்ட மருந்து மூளைக்கு ஏற ஐந்து நிமிடம், சில சமயம் பத்து. அதுவரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தை அழுத்தக் கூடாது, மார்பை அழுத்தக் கூடாது, குப்புறப் போடக் கூடாது. நான் வலது கையைப் பிடித்திருந்தேன். வெண்டல் ரத்தம் வடியும் மூக்கோடு இடது காலைப் பிடித்திருந்தான். நதீன் அவர் தலைமாட்டில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம். பிடிங்க... மூணு. விட்டுடாதீங்க."

"கை மரத்துப்போச்சு டாக்டர்."

"மரத்த கையாலயே பிடி வெண்டல். நாலு."

ஏழாவது நிமிடம் என் பிடியிலிருந்த கையில் முறுக்கு குறைந்தது. பிறகு விரல்கள் விரிந்தன. ஆர்விட் கூரையைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று குழறினார். "வந்துட்டாங்க" என்றேன். கண் மூடியது.

"சீக்கிரம்!" என்றாள் நதீன்.

அடுத்த மூன்று நிமிடத்தில் நாங்கள் செய்ததை வேறொரு நாளில் செய்திருந்தால் அரை மணி ஆகும். கோட்டைக் கத்தரித்தோம். நரம்பில் ஊசிக்குழாயை ஏற்றினேன், முதல் குத்திலேயே ஏறியது. ரத்தம் எடுத்து டெல்பர்ட் கையில் கொடுத்தேன், அவன் ஆய்வகத்துக்குப் பறந்தான். சர்க்கரை சரியாக இருந்தது. நாடி நிமிடத்துக்கு நூற்றைம்பத்திரண்டு, காய்ச்சல் நூற்று மூன்று. மூக்கருகே மூச்சை அளக்கும் குழாயை வைத்தோம். திரையில் ஒவ்வொரு மூச்சும் ஒரு சின்ன மேடாக ஏறி இறங்கியது.

ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது நதீன்தான் எடுத்தாள். கேட்டாள். "திரும்பச் சொல்லு" என்றாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"பூஜ்யம். ரத்தத்துல ஒரு சொட்டு சாராயம் இல்ல!"

"ஆஹா!" என்று டெல்பர்ட் சுவரில் ஓங்கித் தட்டினான். வெண்டல் சிரித்தான், மூக்கு வலித்ததும் நிறுத்தினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் வாசலுக்குள் வரும் முன்பே "மூக்குமுட்டக் குடிச்சிட்டு" என்று சொன்னவள் நான்தானே.

சந்தோஷப்பட நேரமில்லை. பத்து நிமிடத்தில் ஆர்விட் கண்ணைத் திறந்து மறுபடியும் எழப் பார்த்தார். இந்த நோய் அப்படித்தான். ஒரு ஊசிக்கு அடங்கினால் அது நோயே இல்லை. இப்போது நரம்பில் வழி இருந்ததால் டயாசெபாமைத் தொடங்கினோம். பத்து மில்லிகிராம். காத்திரு, மூச்சை எண்ணு. இன்னொரு பத்து. காத்திரு. இருபது. இந்தக் குடும்பத்து மருந்துகளில் கொஞ்சம் குறைந்தால் வெறி அடங்காது, கொஞ்சம் மிஞ்சினால் மூச்சு அடங்கிவிடும். அந்த நடு இடத்தைத் தேடிக் கையில் ஊசியோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண ஆளை ஒரு நாள் முழுக்கத் தூங்கவைக்கும் அளவு அவருக்குக் கொட்டாவியைக்கூட வரவழைக்கவில்லை.

"எவ்வளவு ஆச்சு?"

"எண்பது."

"இன்னும் இருபது."

மருந்து அலமாரியின் இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ஒரே ஒரு குப்பி உருண்டது.

"நதீன், இதுதான் கடைசி. லோராசெபாம் ஆறு இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

"சேமிப்பறையில?"

"இருக்கு. சாவி ஹார்லன்கிட்ட."

ஹார்லன் டூசெட் எங்கள் மருந்தாளர். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அக்கார்டியன் வாசிப்பது அவர்தான். அன்றைக்கும் சர்ச் மண்டபத்தில்தான் இருந்தார். போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் தெரிந்தது, கலங்கிப்போயிருந்த விருந்தாளிகளைத் தெளிய வைக்கிறேன் பேர்வழி என்று அவர் பெருஞ்சத்தமாகப் போல்கா என்ற ஆட்டப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். சாலையிலோ முழங்கால் பனி. அதை வாரும் ஆள் எங்கள் கட்டிலில் கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்த தடம்கூட அதற்குள் மூடிவிட்டது.

"என் பனி ஸ்கூட்டர் வெளிய நிக்குது" என்றான் வெண்டல். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் பேச்சு அடைபட்டு வந்தது.

"என்ன பாத்துட்டு நிக்கிற, போ!"

அவன் போன பதினான்கு நிமிடத்தில் நாங்கள் நான்கு லோராசெபாமைத் தீர்த்தோம். ஐந்தாவதைப் போட்டேன். ஆர்விட் விரல்களால் காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தார். "கைசா சின்னப் பொண்ணு, அவளை முதல்ல தூக்குங்க" என்றார். நான் அவர் நெற்றியைத் துடைத்தேன். ஆறாவது குப்பியை உடைத்தபோது வாசலில் இயந்திரம் உறுமி நின்றது.

ஹார்லன் உள்ளே ஓடிவந்தார். தலை முழுக்கப் பனி, ஜிகினா வைத்த சிவப்பு மேல்சட்டை, மார்பில் அக்கார்டியன்.

"இதைக் கழட்டக்கூட விடல இந்தத் தடியன்! சாவி இந்த வாருக்கு அடியில மாட்டிக்கிச்சு!"

"குனியுங்க!" நதீன் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, வாரை வெட்டாத, தோல் வாரு! எங்க அப்பாவோடது!"

"குனியுங்கறேன்!"

டெல்பர்ட் அவரை அப்படியே தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்து, வாருக்குள் கையை விட்டுச் சாவிக் கொத்தை உருவிவிட்டான். அக்கார்டியன் நீளமாக ஒரு முனகல் விட்டது. ஒரு நிமிடத்தில் டயாசெபாம் பெட்டி என் கையில் இருந்தது.

இருபது. காத்திருந்தோம். இன்னும் இருபது.

நாடி நூற்று நாற்பது, நூற்று இருபது, நூற்றுப் பத்து. காற்றில் பறித்துக்கொண்டிருந்த விரல்கள் போர்வையில் வந்து அமர்ந்தன. ஆர்விட் வாயைத் திறந்து குறட்டை விட்டார். டெல்பர்ட் நாற்காலியில் சரிந்தான். நானும் உட்காரலாம் என்று நினைத்தபோது திரையைப் பார்த்தேன்.

மேடு இல்லை. தட்டையான கோடு.

"மூச்சு இல்ல!"

நதீன் ஒரே தாவலில் முக்காலியில் இருந்தாள். தாடையைத் தூக்கிப் பிடித்தாள். "ஆர்விட்! மூச்சு விடுங்க!" மார்பெலும்பை விரல் முட்டியால் தேய்த்தாள். கோடு தட்டையாகவே ஓடியது. நான் முகத்தில் மூச்சு முகமூடியை அழுத்திக் காற்றுப் பையைப் பிழிந்தேன். ஒன்று. மார்பு ஏறி இறங்கியது. இன்னொன்று. மூலையில் அக்கார்டியனோடு நின்ற ஹார்லன் உதட்டுக்குள் ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தார். நான்காவது தடவை பிழியப் போனபோது, கைக்குள்ளேயே அது தெரிந்தது. பை தானாக உள்ளிழுத்தது.

"இழுக்கிறாரு, நதீன். அவரே இழுக்கிறாரு."

திரையில் ஒரு சின்ன மேடு. பிறகு இன்னொன்று, கொஞ்சம் பெரியது. பிறகு வரிசையாக. மூச்சு நின்றது முப்பத்தொரு நொடி என்று திரை பிறகு காட்டியது.

"இதுதான் அளவு" என்றாள் நதீன். முக்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தாள். "இனிமே நானே ராத்திரி பூரா இங்க உக்காந்திருக்கேன்."

நாலரை மணி வாக்கில் கைசா வந்தாள். கல்யாண கவுனைச் சுருட்டிப் பனிக் கால்சட்டைக்குள் திணித்திருந்தாள். மேலே மாப்பிள்ளையின் வேட்டைக் கோட்டு. சர்ச்சிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கன்னத்தில் மை வழிந்து உறைந்திருந்தது.

"எவ்வளவு குடிச்சிருக்கார்? அதை மட்டும் சொல்லுங்க. பாக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல."

"குடிக்கல, கைசா" என்றேன்.

"மார்லிஸ், என்னைச் சமாதானப்படுத்தாதீங்க. சின்ன வயசுலேருந்து பாக்கறேன்."

நதீன் ஆய்வகத் தாளை அவள் கையில் கொடுத்தாள். "பூஜ்யம். மூணு நாலு நாளா ஒரு சொட்டு தொடல உங்கப்பா. அதனாலதான் இது வந்துச்சு. இவ்வளவு வருஷம் குடிச்சவங்க ஒரே நாள்ல தானா நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. யாரும் அவருக்கு அதைச் சொல்லல போல."

கைசா தாளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"நேத்து கல்யாண ஒத்திகைக்கு வரல" என்றாள். "போன் பண்ணினேன். குரல் குழறுச்சு. காய்ச்சல்னாரு. நான்... நான் கண்டபடி திட்டிட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டென்று நிமிர்ந்தாள், முகம் சிவந்தது. "மடையன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒரு பியரை ஊத்திக் கையில குடுத்திருப்பேனே!"

"அது வைத்தியம் இல்ல" என்றாள் நதீன். "ஆனா இன்னிக்கு நடந்த கூத்துக்கு அது எவ்வளவோ தேவலை."

கைசா சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. எழுந்து போய் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை. அவர் குறட்டைதான் விட்டார்.

"எப்ப எழுந்திருப்பார்?"

"நாலு நாள் ஆகலாம். எழுந்திருக்காம பாத்துக்கறதுதான் எங்க வேலை."

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "கைசா, தப்பா எடுத்துக்காத. அங்க நூத்தி முப்பது பேரு உக்காந்திருக்காங்க. பனியில யாரும் வீட்டுக்கும் போக முடியாது. கல்யாணம் உண்டா, இல்லையா?"

அவள் மூக்கைத் துடைத்தாள்.

"உண்டு. ஆனா என் கையைப் பிடிச்சு நடத்தறேன்னு சித்தப்பா, மாமான்னு யாரும் வரக் கூடாது. அந்த இடம் காலியா இருக்கட்டும். போய்ச் சொல்லுங்க."

"வெண்டல், ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போ" என்றாள் நதீன். பனி ஸ்கூட்டரில் முன்னால் மூக்கு வீங்கிய வெண்டல், நடுவில் மணப்பெண், பின்னால் அக்கார்டியனைக் கட்டிக்கொண்டு ஹார்லன். மூவரும் பனிக்குள் மறைவதை ஜன்னலில் நின்று பார்த்தோம். ஆறு மணிக்குக் கல்யாணம் நடந்தது. இடது பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு அவள் தனியாக நடந்தாள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

புதன்கிழமை காலையில் ஆர்விட்டுக்குத் தெளிந்தது. நான் அறையில் இருந்தேன். கைசா இரண்டு நாளாக அங்கேயே கிடந்தாள். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் விரலில் மோதிரத்தைப் பார்த்தார்.

"என்னை விட்டுட்டா பண்ணிக்கிட்ட?"

"தூங்கிட்டு இருந்தீங்க."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பவா? உங்களைத் தூங்க வைக்க இந்த ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் காலி!"

அவர் போர்வை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார். "குடிச்சிட்டேனா கைசா? எனக்கு ஒண்ணுமே நினைப்பில்ல."

"இல்லப்பா. நீங்க குடிக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா. தாள்ல எழுதியே குடுத்திருக்காங்க. காட்டவா?"

அந்தப் பெரிய முகம் அப்படியே உடைந்தது. நான் குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு அனுப்பவில்லை, மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு. ஆறு வாரம். அவர் முரண்டு பிடிப்பார் என்று நான் பயந்தேன். பிடிக்கவில்லை. நதீன் கையைக் குலுக்கி, "என்னால ஏதாவது தொந்தரவு இருந்ததா டாக்டர்?" என்று கேட்டார். "ஒண்ணும் பெருசா இல்ல" என்றாள் நதீன், முகம் மாறாமல்.

அதன் பிறகு அவர் ஒரு தடவை சறுக்கினார், அடுத்த ஏப்ரலில். மறுநாளே தானாக எங்களிடம் வந்து நின்றார், இந்த முறை முறையாக மருந்து கொடுத்து மெல்ல மெல்லக் குடியை விடவைத்தோம். இப்போது இரண்டு குளிர்காலமாகத் தொடவில்லை.

ஆனால் அந்த ஒன்பதாம் நாள்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. வாசலில் மருமகன் டாட் பழைய டிரக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஒரு முன் இருக்கை. ஆர்விட் கதவோரம், கைசா நடுவில். மூவரும் தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்ததில் கதவு மூடவில்லை. நான் வெளியிலிருந்து தள்ளி மூடினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க மூணு பேரும்?" என்று கேட்டேன், தெரியாததுபோல.

டாட் கண்ணாடியை இறக்கினான். "தேனிலவுக்கு" என்றான். "மாமனாரையும் கூட்டிட்டுப் போற முதல் ஆளு நான்தான்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்றார் ஆர்விட்.